காவேரிப்பட்டணம் தோப்பு வீட்டுக்கு எந்த நாய்க்குட்டி?

கேட்டது இதுதான்: கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்புக்குள் வீடு, மேலே சிமென்ட் ஷீட். வீட்டில் மாமனார், மாமியார், ஐந்தாவது படிக்கும் பாப்பா. வீட்டுக்காரருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. அங்கே நண்பர் வீட்டு ஹஸ்கியைப் பார்த்ததிலிருந்து அதே பேச்சு. பாப்பாவுக்கு சப்பை மூக்கு பக் நாய் வேண்டும். மாமனார் சிப்பிப்பாறை என்கிறார். நம் வெயிலையும் புழுக்கத்தையும் தாங்க வேண்டும், காவலுக்கும் ஆக வேண்டும், குழந்தையோடும் ஒத்துப்போக வேண்டும். எதை வாங்கலாம்?

மூன்று பேரில் மாமனார் சொல்வதுதான் கிட்டத்தில் வருகிறது. அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, பிறகு சொல்கிறேன். என்னைக் கேட்டால், நீங்கள் காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டியதில்லை. அக்கம்பக்கத்துத் தோப்பில் ஆளைப் பார்த்தால் குரைக்கிற, பிள்ளைகளிடம் குழைகிற ஒரு நாட்டுப் பெட்டை குட்டி போட்டிருந்தால் அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வீட்டில் மற்ற இருவரையும் நீங்கள் சமாதானப்படுத்த வேண்டுமே.

முதலில் ஓசூர் விஷயம். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரம். காவேரிப்பட்டணம் அதில் ஏறக்குறைய பாதிதான். மேப்பில் பக்கத்தில் இருப்பதுபோலத் தெரிந்தாலும் சூளகிரி தாண்டி இறங்க இறங்கச் சூடு ஏறுவது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வருகிறவர்களுக்கே தெரியும். உயரத்தால் வரும் வித்தியாசம் இரண்டு மூன்று டிகிரிதான். ஆனால் ஓசூரில் ஏப்ரல் இரவிலும் காற்று குளிர்ந்துவிடும், பகலில் தவித்த நாய் ராத்திரியில் தேறிக்கொள்ளும். உங்கள் பக்கம் இரவிலும் அவ்வளவு சீக்கிரம் சூடு இறங்குவதில்லை. போதாததற்குத் தென்பெண்ணை ஓரம், கே.ஆர்.பி. அணைத் தண்ணீர் பாயும் வயல், சொட்டுநீர் போட்ட தோப்பு. தருமபுரி, அரூர் பக்கத்து வறண்ட வெயில் வேறு, உங்கள் தோப்புக்குள் கோடை மழை பெய்து ஓய்ந்த மறுநாள் வரும் புழுக்கம் வேறு. நாய்க்கு இரண்டாவதுதான் கொடியது.

காரணம், நாய்க்கு நம்மைப் போல் உடம்பு முழுக்க வேர்க்காது. பாதத்தின் அடியில் மட்டும் கொஞ்சம் வேர்க்கும், அது கணக்கில் சேராது. நாக்கைத் தொங்கவிட்டு இளைத்து, நாக்கிலும் மூக்கின் உள்தோலிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் அது உடம்பைத் தணித்துக்கொள்ள வேண்டும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அந்த ஈரம் ஆவியாகாது. நாய் இன்னும் வேகமாக இளைக்கும். இளைப்பதும் தசை செய்யும் வேலைதான், அதுவே மேலும் சூட்டைக் கிளப்பும். நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட். 105-ஐத் தாண்டினால் ஆபத்து. அதற்கு மேலும் ஏறி நின்றால் குடல், சிறுநீரகம், மூளை எல்லாம் அடிபடும்.

ஆகவே வெயில் ஊருக்கு நாய் பார்க்கும்போது முதலில் முடியைப் பார்க்காதீர்கள், மூக்கைப் பாருங்கள். மூக்கு நீளம் என்றால் ஆவியாவதற்கு இடம் அதிகம். மூக்கு சப்பை என்றால் அந்த இடமே இல்லை. பக், பிரெஞ்ச் புல்டாக், ஷிட்சூ, பாக்ஸர் எல்லாம் இந்த வகை. மனிதன் பார்த்துப் பார்த்து இவற்றின் மண்டை ஓட்டைக் குறுக்கினானே தவிர உள்ளே இருக்கும் சதை அதற்கேற்பக் குறையவில்லை. மேலண்ணத்தின் மெல்லிய சதை தொண்டையை மறிக்கும், மூக்குத் துவாரமோ கோடு கிழித்த மாதிரி இருக்கும். ஷிட்சூவுக்கு அதோடு நீள முடியும் சேர்ந்துகொள்ளும்.

ஒரு சித்திரை முகூர்த்தத்துக்கு ஊத்தங்கரைப் பக்கம் போயிருந்த குடும்பம் தங்கள் பக்கையும் காரில் கூட்டிப்போயிருந்தது. மண்டபத்துக்கு வெளியே வேப்பமர நிழலில் கட்டி, கிண்ணத்தில் தண்ணீரும் வைத்திருந்தார்கள். மதியம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்தபோது அது மூச்சு விடும் சத்தம் வாசலிலேயே கேட்டது. நாக்கு செங்கல் நிறத்தில் தடித்து வெளியே கிடந்தது, ஓரத்தில் நீலம். மேலே போர்த்தியிருந்த ஈரத்துண்டைத் தூக்கினால் உள்ளிருந்து ஆவி முகத்தில் அடித்தது. தெர்மாமீட்டர் 107. தண்ணீர் ஊற்றி, ஃபேன் போட்டு, குளுக்கோஸ் ஏற்றிப் பிழைத்துக்கொண்டது. அந்தக் குடும்பம் செய்ததில் பெரிய குறை இல்லை. அதே நிழலில் ஒரு தெருநாயும் படுத்திருந்ததாம், அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

பிரிட்டனில் 2020-ல் வெளியான ஓர் ஆய்வு, லாப்ரடாரோடு ஒப்பிட்டால் வெப்பத்தால் நோயுறும் வாய்ப்பு புல்டாக்குக்குச் சுமார் 14 மடங்கு, பிரெஞ்ச் புல்டாக்குக்கு 6 மடங்குக்கும் மேல், அடர்முடிச் சீன நாயான சௌ சௌவுக்கு ஏறக்குறைய 17 மடங்கு என்று கணக்கிட்டது. அது பிரிட்டன் வெயிலில், கவனியுங்கள். தமிழக அரசும் 2024-ல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், சௌ சௌ, பக் முதலியவை இங்கே இனப்பெருக்கம் செய்யத் தக்கவை அல்ல என்று பட்டியலிட்டது. அந்தக் கொள்கையை ஒட்டி வளர்ப்பவர்களிடையே பெரிய சண்டை நடந்தது. ஆனால் பட்டியலின் இந்தப் பகுதியில் எனக்கு மறுபேச்சு இல்லை. பக் நாய் வந்த ஹட்ச் செல்போன் விளம்பரக் காலத்திலிருந்து பாப்பாக்கள் கேட்பதும் அப்பாக்கள் வாங்கித் தருவதும் நடக்கிறது. உங்கள் பாப்பாவிடம் விலையைச் சொல்லி மறுக்க வேண்டாம், அது மூச்சுவிடச் சிரமப்படும் என்று உள்ளதைச் சொல்லுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு அது புரியும்.

ஹஸ்கிக்கு மூக்கு நீளம்தான், ஆனால் முடி இரண்டு அடுக்கு. சைபீரியாவில் பனியில் வண்டி இழுக்க வளர்த்த நாய் அது. உள்ளடுக்கு கம்பளிபோல அடர்ந்திருக்கும். உடம்பின் சூடு வெளியே போகாமல் காப்பதற்கென்றே அமைந்தது. "கோடைக்கு மொட்டை அடித்துவிட்டால் சரியாகிவிடும்" என்று கடைக்காரர் சொல்வார். அதை நம்பாதீர்கள். மேல்முடி வெயில் நேரடியாகத் தோலில் படாமலும் தடுக்கிறது. அதை வழித்தால் தோல் வெந்துபோகும், திரும்ப வளரும்போது பல நாய்களுக்கு முடி திட்டுத்திட்டாகத்தான் வரும். தினமும் சீவி, உதிர்ந்த உள்முடியை எடுப்பதுதான் சரி. அதைவிட, ஹஸ்கி ஓட வேண்டிய நாய். ஏசி அறையில் அடைத்தால் கதவைப் பிறாண்டும், தோப்பில் விட்டால் வெயிலில் விழும். ஏசி வைத்து வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஷீட் வீட்டில் அது நடக்காது. கரண்ட் போகும் மதியங்களை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

வீட்டுக்காரர் அடுத்து ஜெர்மன் ஷெப்பர்டுக்கு வருவார், வழக்கமாக அப்படித்தான் பேச்சு நகரும். புத்திசாலி நாய், காவலுக்கு அருமை. இதற்கும் இரண்டடுக்கு முடிதான். நிழலும் காற்றும் உள்ள வீட்டில் சமாளிக்கலாம், ஆனால் உங்கள் தோப்பில் எனக்குப் பயம் வெயிலைவிட உண்ணிதான். நாய் உண்ணி மூலம் வரும் எர்லிக்கியா காய்ச்சல் இந்த இனத்தைப் பிடித்தால் மற்ற நாய்களைவிட மோசமாகத் தாக்கும். மாடும் ஆடும் புழங்கும் இடத்தில், மழைக்குப் பிறகு புல் மண்டும் தோப்பில், அந்த அடர்ந்த முடிக்குள் உண்ணி பார்ப்பது ஒரு முழுநேர வேலை.

லாப்ரடார் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் "பரவாயில்லை, ஆனால்" என்றிருப்பேன். குழந்தைக்கு அதைவிட நல்ல நாய் இல்லை, காவலுக்கு அதைவிட மோசமான நாயும் இல்லை. திருடனுக்கும் வாலாட்டும். லாப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குப் பசி அடங்காத மரபணு மாற்றம் இருப்பதாக 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டார்கள். கொழுத்த நாய் வெயிலில் முதலில் விழும். அதோடு உங்களுடையது மாந்தோப்பு. சீசனில் உதிர்ந்து கிடக்கும் பழத்தைக் கொட்டையோடு விழுங்கி, அது குடலில் மாட்டி, அறுவை சிகிச்சை வரைக்கும் போகும். எந்த நாயும் இதைச் செய்யும், லாப்ரடார் கட்டாயம் செய்யும்.

இப்போது மாமனாரின் சிப்பிப்பாறை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை நான்கும் தென்மாவட்டக் கரிசலிலும் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலும் உருவானவை. நீண்ட மூக்கு, ஒட்டிய வயிறு, ஒற்றை அடுக்குக் குட்டை முடி. வெயிலுக்கு இவற்றைக் குறை சொல்ல முடியாது. நான் சொன்ன சிக்கல் குணத்தில் இருக்கிறது. சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணில் பட்டதைத் துரத்தும் வேட்டை நாய்கள். முயலுக்கென்று வளர்த்தது, பக்கத்துக் கொட்டாயின் கோழியையும் வெள்ளாட்டுக் குட்டியையும் முயலாகத்தான் பார்க்கும். ஓடத் தொடங்கினால் கூப்பிட்டுத் திரும்பாது. தோப்புக்கு ஆளுயரக் கம்பிவேலி இருக்கிறதா? இல்லையென்றால் மாதம் ஒரு பஞ்சாயத்து நிச்சயம். முயல் வேட்டைக்கு என்ற யோசனை மாமனார் மனதில் இருந்தால் அதை இப்போதே விட்டுவிடச் சொல்லுங்கள், வன உயிரினச் சட்டப்படி அது குற்றம். வெயில் தாங்கும் நாய் என்று மதியத்தில் ஓடவிடுவதும் கூடாது. நான் சொன்ன பிரிட்டன் ஆய்வில் கிரேஹவுண்டும் ஆபத்துப் பட்டியலில்தான் இருந்தது. வெப்பத்தால் விழுந்த நாய்களில் பெரும்பாலானவை ஓடி ஆடி விழுந்தவை, சும்மா வெயிலில் கிடந்தவை அல்ல.

ராஜபாளையம் அழகு. இந்திய அஞ்சல் துறை 2005-ல் நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது இடம்பெற்ற நான்கு இனங்களில் ஒன்று. ஆனால் வெள்ளை முடி, இளஞ்சிவப்புத் தோல். மூக்கிலும் காது நுனியிலும் வெயில் பட்டால் புண்ணாகும். பிறவிச் செவிடும் இந்த இனத்தில் அதிகம். குட்டி பார்க்கப் போனால், அது வேறு பக்கம் பார்த்திருக்கும்போது பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள், மற்ற குட்டிகள் இல்லாத இடத்தில். ஒன்று திரும்பினால் கூடவே எல்லாம் திரும்பும், ஏமாந்துவிடுவீர்கள். ஒரே ஆளுக்கு அடங்கும், அந்நியரை அண்டவிடாது. பாப்பாவின் தோழிகள் வந்து போகும் வீட்டுக்கு முதல் நாயாக இது வேண்டாம்.

நம் தமிழ்நாட்டு நான்கு இனங்களில் உங்களுக்குப் பொருந்துவது கோம்பை. தேனிப் பக்கத்து நாய், செம்மண் நிறம், கரிய முகம், கட்டுறுதியான உடம்பு. துரத்துவதைவிட இடத்தைக் காப்பதுதான் இதன் புத்தி. இரவில் காட்டுப்பன்றி வந்தால் தோப்பையே எழுப்பிவிடும். முரட்டுத்தனம் உண்டு. மாமனார் நாள் முழுக்க வீட்டில் இருந்து சிறு வயதிலேயே பழக்கினால் சரியாக வரும். அவருக்கு முடியாது என்றால் வேண்டாம். கோம்பை என்று சொல்லி விற்பதில் பாதி கலப்பு என்பதையும் சேர்த்தே யோசியுங்கள். தாயை நேரில் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பாப்பாவுக்கு மடியில் வைத்துக் கொஞ்ச ஒன்றுதான் வேண்டுமென்றால், நம் ஊரில் எல்லாரும் பொமரேனியன் என்று அழைக்கும் அந்த வெள்ளை நாய் போதும். அது உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ். முடி அடர்த்தி இருந்தாலும் பல தலைமுறையாக இங்கேயே வாழ்ந்து பழகியது, மூக்கும் நீளம். அந்நியர் வந்தால் குரைத்தே ஊரைக் கூட்டும். வீட்டுக்குள் வளர்க்க வேண்டும், தோப்பில் கட்டிப்போட முடியாது. டாபர்மேன், டாஷ் எனப்படும் குட்டைக்கால் டாக்ஸ்ஹுண்ட் இரண்டுக்கும் முடி குட்டை, மூக்கு நீளம், வெயிலுக்குப் பரவாயில்லை. முன்னதைக் கட்டிப்போட்டால் கெட்டுவிடும், பின்னதற்கு முதுகெலும்பு பலவீனம், படி ஏறி இறங்கக் கூடாது.

நாட்டு நாய்க்கு வருகிறேன். காலை பத்தரை மணிக்கு உங்கள் தோப்பில் திரியும் நாயைக் கவனியுங்கள். வெயில் ஏறும் முன்பே சொட்டுநீர்க் குழாய் ஓரமாக ஈர மண் பார்த்து முன்னங்காலால் நாலு பிறாண்டு பிறாண்டி, மேல்மண்ணைத் தள்ளிவிட்டு, அடிமண்ணில் வயிற்றை அழுத்திப் படுத்துவிடும். வயிற்றிலும் தொடை இடுக்கிலும் முடி குறைவு, சூடு அந்த வழியாக மண்ணுக்கு இறங்கும். மூன்று மணி வரை கூப்பிட்டாலும் ஒரு காதை மட்டும் அசைக்கும். யாரும் கற்றுக்கொடுத்ததல்ல. ஹஸ்கியும் பள்ளம் தோண்டும், ஆனால் அது எவ்வளவு தோண்டினாலும் முடி விடாது. எந்தக் கண்காட்சிக்காகவும் யாரும் நாட்டு நாயின் மூக்கைக் குறுக்கவில்லை, காலை வளைக்கவில்லை. களியும் வேகவைத்த மீனும் கலந்து போட்டாலும் தின்னும். வாரத்தில் சில நாள் முட்டையோ கறியோ சேர்த்தால் போதும். வெங்காயமும் பூண்டும் மிதக்கும் மசாலாக் குழம்பை மட்டும் தவிருங்கள். நோயே வராது என்று நினைத்துவிடாதீர்கள். குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் வந்தால் நாட்டுக்குட்டியும் சாகும்.

பெட்டைக்குட்டியே எடுங்கள், இருந்த இடத்தைவிட்டு அதிகம் அலையாது. கருத்தடை செய்துவிடுங்கள். குட்டிக்கு எட்டு வாரமாவது முடிந்திருக்க வேண்டும். அதற்கு முன் விற்பது மத்திய அரசின் 2017 நாய் விற்பனை விதிகளின்படி தவறும்கூட. தாயிடமும் கூடப்பிறந்த குட்டிகளிடமும் கடிபட்டு வளர்ந்த குட்டிதான் பாப்பாவின் கையை மெதுவாகக் கடிக்கக் கற்றிருக்கும். பார்க்கும்போது கண், காது, வயிறு எல்லாம் பார்ப்பீர்கள். அதோடு புறங்கையை அதன் மூக்கருகே வைத்து இரண்டு பக்கமும் காற்று சீராக வருகிறதா, கொஞ்சம் விளையாடவிட்டபின் சத்தமில்லாமல் மூச்சுவிடுகிறதா என்றும் பாருங்கள். பெங்களூரிலிருந்து காரில் கொண்டுவந்து சந்தையோரம் கூடையில் விற்கும் குட்டிகளைத் தொட வேண்டாம். அவை எத்தனை வாரம், எந்த ஊசி போட்டவை என்று விற்கிறவருக்கே தெரியாது.

மாங்காய் சீசனில் குட்டியைக் கொண்டுவராதீர்கள். பங்குனி, சித்திரையில் இரண்டு மாதக் குட்டி வெப்பத்தைத் தாங்காது. புரட்டாசி, ஐப்பசி மழையில் உண்ணியும் பார்வோவும் எலிக்காய்ச்சலும். கார்த்திகை கடைசியிலோ மார்கழியிலோ எடுத்தால் ராத்திரிக் குளிருக்குச் சாக்கு ஒன்று போட்டால் தீர்ந்தது, வெயில் வருவதற்குள் அது நாலைந்து மாத நாயாகிவிடும். பார்வோ முதலிய பல நோய்களுக்குச் சேர்த்துப் போடும் தொகுப்பு ஊசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நாலு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை. வெறிநாய்க்கடி ஊசி மூன்றாம் மாதம், பிறகு டாக்டர் சொல்லும் தேதியில், தவறாமல். பதினாறு வார ஊசி முடியும்வரை வெளிநாய்கள் புழங்கும் இடத்தில் இறக்கிவிடாதீர்கள்.

கூண்டை ஷீட்டுக்கு அடியில் வைக்க வேண்டாம். மாமரத்தடியில், காற்று வரும் பக்கம், தரை மண்ணாக இருக்கட்டும், மேலே தென்னங்கீற்று. தண்ணீர் மண்சட்டியில், இரண்டு இடத்தில். தோப்புக்கு மருந்து அடிக்கும் நாளில் குட்டி வீட்டுக்குள். தார் ரோட்டில் நடத்துவதானால் புறங்கையை வைத்து ஏழு எண்ணிப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும்.

எந்த நாயாக இருந்தாலும் ஒருநாள் மூச்சுத் திணறி, எச்சில் ஒழுகி, தள்ளாடினால் முதலில் குளிரவையுங்கள், பிறகு வண்டியில் ஏற்றுங்கள். நிழலுக்குத் தூக்கிவந்து, உடம்பு முழுக்க, முக்கியமாக வயிற்றிலும் தொடை இடுக்கிலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். ஈரத்துண்டு போர்த்தாதீர்கள், காற்று படாமல் உள்ளே வெந்துவிடும். மயங்கிய நாயின் வாயில் தண்ணீர் புகட்டக் கூடாது. வெயிலில் நிற்கும் சின்டெக்ஸ் குழாயை மட்டும் திறந்துவிடாதீர்கள், மதியத்தில் அந்தத் தண்ணீர் கை வைக்க முடியாமல் கொதிக்கும். கிணற்றடித் தொட்டியிலிருந்தோ போரை ஓடவிட்டோ பிடியுங்கள்.